பல்லுக்கு லீவு

என் அண்ணி வாயைத் திறந்தால் இரும்பு, கை வைத்தால் பஞ்சு என்று பட்டறையில் சொல்வார்கள். அதனாலேயே அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர் விழுந்தது. நானூறு பேர் வேலை செய்கிற கப்பல் பழுது பார்க்கும் பட்டறை அது. அதன் கான்டீனில் இருபத்தோரு வருடம் மீன் சமைத்தாள். மேனேஜரிலிருந்து துரு சுரண்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் பஞ்சக்காதான், எனக்கு மட்டும் அண்ணி. அதன் பிறகு நான்கு வருடம் அதே கான்டீனில் அடுப்புப் பக்கமே போகாமல் பாத்திரம் கழுவினாள். அந்த நான்கு வருடத்துக்குக் காரணம் நான். அது அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் மீனைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நானும் அதே பட்டறையில்தான் இருந்தேன். ஸ்டோரில் டோக்கனை வாங்கிக்கொண்டு ஸ்பானரும் சுத்தியலும் எடுத்துக் கொடுக்கிற வேலை. என் ஜன்னலுக்கு நேர் எதிரே கான்டீன் சமையலறை. பட்டறைக்கு வாரம் இரண்டு தடவை துறையிலிருந்து மீன் வரும். நல்ல மீனெல்லாம் அதற்கு முன்பே வண்டியேறிப் போய்விடும். யாரும் திரும்பிப் பார்க்காத கிழட்டுச் சூரைதான் எங்கள் தலையெழுத்து. ஆள் பாதி நீளம் இருக்கும், சதை கருஞ்சிவப்பாக இருக்கும். அடுப்பில் ஐந்து நிமிடம் கூடிப் போனால் விறகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்து போனாலோ வாயில் சவ்வு சவ்வென்று இழுக்கும். அண்ணிக்கு முன்னால் இருந்த சமையல்காரர் அதை மசாலாவில் புதைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் பண்ணிவிடுவார். பல்லுக்குத் தெரிந்துவிடும்.

அண்ணி சேர்ந்தபோது இருபத்தொன்பது வயது. முதல் வாரம் அவள் சமைத்த மீனும் அதே லட்சணம்தான். என் அண்ணன் பட்டறையில் கிரேன் ஓட்டினான். நாள் முழுக்க அந்தரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதால் அவனுக்கு மாடி என்று பெயர். அன்று அவன் துண்டைக் கடித்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடி கடித்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். மறுநாள் சாப்பாட்டு மணிக்கு அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். நடுவில் ஓர் ஆணி அடித்திருந்தது.

"செருப்பு பிஞ்சு போச்சுங்க. இதை வச்சு அடிச்சுக்கலாம்னு பாத்தேன். ஆணிதான் வளைஞ்சுது."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அண்ணி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"ஜோடியா வாங்கிட்டுப் போங்க. ஒண்ணு காலுக்கு, ஒண்ணு வாய்க்கு."

சிரிப்பு கட்சி மாறிவிட்டது. அண்ணன் காதெல்லாம் சிவக்கத் தட்டை நீட்டினான். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவள் என் ஜன்னலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்ததை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டுக் கேட்டாள்: "அந்த ஆணிக்காரன் யாரு?"

"எங்கண்ணன்."

"உங்க வீட்ல எல்லாரும் இப்படித்தானா?"

"நான் இதைவிட மோசம்," என்றேன். அது பொய்யில்லை.

அந்த ஆணித்துண்டை அவள் தூக்கி எறியவில்லை. அது ஒரு தட்டில் உப்புடப்பா பக்கத்தில் காய்ந்து கிடந்தது. மூன்று மாதம் அவள் அந்த மீனோடு மல்லுக்கு நின்றதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நாரோடு ஒட்டி வெட்டினாள், நாருக்குக் குறுக்கே வெட்டினாள். புளிப்பை முதலில் போட்டாள், கடைசியில் போட்டாள், போடாமலும் பார்த்தாள். மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தாள், இறுக்கி மூடிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை மட்டும் தனியாக எடுத்து, கடிக்காமல், நாக்கின் மேல் வைத்து மேலண்ணத்தோடு சேர்த்து அழுத்திப் பார்ப்பாள். உதிராவிட்டால் முகம் தொங்கிவிடும். யாரிடமும் கேட்கவும் மாட்டாள். கேட்டால் சொல்லித்தர அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை.

கடைசியில் அவள் பிடித்த வழி இதுதான். நடுமுதுகில் ஓடுகிற கறுத்த சதையை முழுக்க வழித்தெடுத்து விடுவாள். மிச்சத்தை நாருக்குக் குறுக்கே, இரண்டு விரல் கனத்துக்கு வெட்டுவாள். உப்பைத் தடவ மாட்டாள், உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுவாள். அகலமான பாத்திரத்தின் அடியில் வெங்காயம், பூண்டு, தட்டிய மிளகு, தாராளமாக எண்ணெய். அதன் மேல் மீன். பாத்திரமும் குளிர்ந்திருக்க வேண்டும், எண்ணெயும் குளிர்ந்திருக்க வேண்டும். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பாள், அதுவும் தீ கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும். மூடியைச் சுற்றி ஈரத்துணி. கரண்டி உள்ளே போகவே கூடாது. பாத்திரத்தைத்தான் காதைப் பிடித்துத் திருப்புவாள். ஓரத்தில் ஒரு குமிழி வந்தாலும் அடுப்பைத் திட்டுவாள். இறக்கின பிறகும் திறக்க மாட்டாள். "அடுப்புல விட்ட சாறை அது திரும்பக் குடிக்கணும். அதுக்கு ஒரு மணி நேரம் குடு," என்பாள். தக்காளிப் புளிப்பெல்லாம் அதற்கப்புறம்தான் மேலே விழும்.

அந்த முறையில் சமைத்த முதல் நாள் கான்டீனில் சத்தமே இல்லை. அண்ணன் சாப்பிட்டு முடித்தான். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் தட்டைத் தானே கழுவினான். சமையலறைக்குள் போய் உப்புடப்பா பக்கத்திலிருந்த ஆணித்துண்டை எடுத்தான்.

"இது எனக்கு வேணும்," என்றான்.

"எதுக்கு?"

"நீங்க திருப்பிக் காட்டுவீங்க. மானம் போயிடும்."

"எப்படி இருந்துச்சுன்னு சொல்லலையே."

"பல்லுக்கு லீவு," என்றான் அண்ணன்.

அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. சூரை வருகிற நாளில் தட்டை நீட்டுகிறவர்கள் எல்லாம் "லீவா பஞ்சக்கா?" என்று கேட்பார்கள். பொக்கைவாய்க் காவல்காரர் ஒருவர், "எனக்கு நிரந்தர லீவு," என்பார். அடுத்த மாதம் அண்ணன் என்னைத் தூது அனுப்பினான். ஒரு நாள் காலையில் இருவரும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள், மதியம் வேலைக்கு வந்துவிட்டார்கள். அவன் கூண்டிலிருந்து கான்டீன் புகைபோக்கி தெரியும். புகை வருகிற தினுசைப் பார்த்தே இன்று என்ன சமையல் என்று தனக்குத் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்வான். தினமும் தப்பாகத்தான் சொல்வான்.

நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் இரண்டே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். மாடிப்படிக்குப் பக்கத்து அறையை எனக்குக் கொடுத்தார்கள். அண்ணி ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கு நான் நன்றியாக இருந்திருக்க வேண்டும். நானோ அவள் அரிசி கழுவுகிற விதத்திலிருந்து துணி உலர்த்துகிற விதம் வரை குறை கண்டுபிடித்தேன். அண்ணன் அவளோடு சிரித்துப் பேசினால் எனக்கு உள்ளுக்குள் எரியும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர்களுக்குக் குழந்தை இல்லை. மூன்று பேரும் ஒரே மேசையில் சண்டை போட்டுக்கொண்டு இருபது வருடம் ஓட்டிவிட்டோம். திரும்பிப் பார்த்தால் அதைவிட நல்ல காலம் எனக்கு வாய்க்கவில்லை.

அண்ணனுக்கு ஐம்பத்து நாலு வயதில் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கிரேன் பாதியில் நின்றது. ஓர் இரும்புத் தகடு அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. கீழே இருந்தவர்கள் கத்திப் பார்த்தார்கள். மேலே ஏறிப் போனவர் பார்த்தபோது அண்ணன் வலது கையை இடது கையால் தூக்கிக் கைப்பிடியின் மேல் வைக்க முயன்றுகொண்டிருந்தானாம். வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு போய்விட்டது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய். சாப்பாடு என்ற பெயரில் ஒரு வெள்ளைக் கரைசல் அதில் இறங்கும். அண்ணி அந்தப் பாட்டிலை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். குழாயை எடுத்த அன்று, விழுங்கப் பழக்குகிற பெண் ஒருத்தி வந்தாள். சின்ன வயது, பொறுமைசாலி. எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"நிமிர்ந்து உக்கார வச்சுத்தான் குடுக்கணும். தாடை கீழே பாத்து இருக்கணும். சின்ன ஸ்பூன். ஒரு வாய் குடுத்தா, தொண்டை ரெண்டு தடவை அசையிறதைப் பாத்துட்டுத்தான் அடுத்த வாய். மெத்துன்னு, கொழகொழன்னு இருக்கலாம். தண்ணி மட்டும் தண்ணியா குடுக்கவே கூடாது. டீயும் கூடாது. கெட்டியா இருக்கிறது மெதுவா இறங்கும், அவரால சமாளிக்க முடியும். தண்ணி சட்டுன்னு ஓடி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இந்தப் பொடியைக் கலந்து கூழ் மாதிரி ஆக்கித்தான் குடுக்கணும்."

"மீன் குடுக்கலாமா?" என்று அண்ணி கேட்டாள். அவள் காதில் மெத்து என்ற சொல் மட்டும்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

"முள் இல்லாம, நார் இல்லாம, மசிச்சுக் குடுங்க. நார் இருந்தா தொண்டையில மாட்டும்."

வீட்டில் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். சாப்பாடு அண்ணி, தண்ணீர் நான். பொடி டின்னைப் படுக்கை பக்கத்து ஸ்டூலில் வைத்திருந்தேன். அரை டம்ளர் தண்ணீருக்கு இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினால் பசை மாதிரி ஆகிவிடும். அண்ணன் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். வாயில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வான். தாகத்தில் உதடு வெடித்திருக்கும், ஆனாலும் வேண்டாம் என்று தலையாட்டுவான். நான் அதட்டி ஊட்டுவேன். அவன் என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாது.

பத்தாவது நாள் அண்ணி லீவு போட்டுவிட்டு, கான்டீனுக்கு வந்த சூரையில் நடுத்துண்டாக ஒன்றை வாங்கி வந்தாள். காலை ஏழு மணிக்கு உப்புத் தண்ணீரில் போட்டாள். பன்னிரண்டு மணிக்கு மூடியைத் திறந்தாள். நாக்கில் வைத்து அழுத்திப் பார்த்தாள், தலையாட்டினாள். அதோடு விடாமல் தட்டில் பரப்பி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உதிர்த்து உதிர்த்து ஒவ்வொரு இழையாகப் பார்த்தாள். பிறகு அதன் சாற்றிலேயே மசித்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

முதல் வாய் உள்ளே போனதும் அண்ணன் அசையாமல் இருந்தான். தொண்டை ஒரு தடவை அசைந்தது, இரண்டாவது தடவை அசைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இரண்டாவது வாய், மூன்றாவது வாய். ஏழு வாய் சாப்பிட்டான். ஏழாவது முடிந்ததும் உதட்டைக் கோணிக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தான். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக ஒரு சத்தம் வந்தது.

"லீ..." என்றான். "லீ..."

அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டாள். அழுவதை யாருக்கும் காட்டுகிற ஜாதி இல்லை அவள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன். தொண்டை காய்ந்து, மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்து பாதி குடித்தேன். திரும்பினால் அண்ணன் என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். சின்ன வயதில் என் கையிலிருப்பதைப் பிடுங்கித் தின்பதற்கு முன்னால் இப்படித்தான் பார்ப்பான்.

ஸ்டூலில் பொடி டின் இருந்தது. கலக்க ஒரு நிமிடம் ஆகும். கலக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மீனையே விழுங்கிவிட்டானே, தண்ணீர் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. கொடுக்க வேண்டும்போல் இருந்தது, கொடுத்துவிட்டேன். டம்ளரை அவன் வாயில் வைத்தேன். மடக் மடக்கென்று குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, அவ்வளவு ஆசையாகக் குடித்தான்.

அப்புறம் இருமினான். ஈரமான இருமல். முகம் கருத்துச் சிவந்தது. அண்ணி கையைத் துடைக்காமலே ஓடிவந்தாள்.

"என்னாச்சு? நார் மாட்டிச்சா? ஏம்மா, நார் ஏதாவது மாட்டிச்சா?"

டம்ளர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"தெரியல அண்ணி," என்றேன்.

இருமல் நின்றுவிட்டது. சொல்லியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்போம். நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் கொரகொரப்பு. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்குள் ஏதோ போயிருக்கிறது, வாய் வழியாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"மீன் குடுத்தேன்," என்றாள் அண்ணி.

டாக்டர் என்னையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆறாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணி முதலில் செய்த காரியம், மிச்ச மீன் இருந்த பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததுதான். தட்டில் கொட்டி, ஒவ்வொரு துண்டாகப் பிய்த்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் பார்த்தாள். கடைசியில் நகத்தளவுக்கு வெள்ளையாக ஓர் இழையை விரல்நுனியில் எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"பாத்தியா? இதுதான். இந்த மாதிரி ஒண்ணைத்தான் விட்டிருக்கேன்."

எந்த மீனிலும் அது இருக்கும். அவளுக்கே அது தெரியும். இருபத்தோரு வருடம் பெருமைப்பட்ட கை, இப்போது குற்றத்தையும் தன்மேலேயே எடுத்துப் போட்டுக்கொண்டது. மீனைத் தவிர வேறு எதுவும் ஒருவரைக் கொல்லக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் போன பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

பட்டறைக்குத் திரும்பிய அன்று அண்ணி நேராகத் தொட்டிக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். மேனேஜர் வந்து கெஞ்சினார். "இந்தக் கை ஒருத்தர் சாப்பிட்டுச் செத்த கை. வேற ஆளைப் பாருங்க," என்றாள். வேறு ஆள் வந்தார். சூரை மறுபடி செருப்பானது. ஆட்கள் தட்டில் மீனை ஒதுக்கி வைத்துவிட்டுப் போவார்கள். கழுவப் போகிற தட்டுகளிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்து வாளியில் போடுவது அண்ணியின் வேலை. சில சமயம் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். நான் ஜன்னலை மூடிவிடுவேன்.

அதுகூடத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டில் அவள் என்னை நடத்திய விதத்தைத்தான் தாங்க முடியவில்லை. இருபது வருடம் என்னோடு மல்லுக்கு நின்றவள், திடீரென்று என்னைத் தாங்கு தாங்கென்று தாங்க ஆரம்பித்தாள். காற்று வருகிற அறையை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் படிக்கட்டு அறைக்குப் போனாள். நான் குறை சொன்னால் திருப்பிச் சொல்ல மாட்டாள். மேசையில் எனக்கு முதலில் தட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் தானாகவே சொன்னாள்:

"உனக்கு இருந்தது ஒரே அண்ணன். அதையும் நான் இல்லாம பண்ணிட்டேன். அதுக்காக நீ என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. உனக்கு எவ்வளவு பெரிய மனசு."

எனக்குச் சோறு புரையேறியது. அவள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். நான் குடித்தேன். நான்கு வருடம் இப்படிக் குடித்தேன்.

போன வருடம் என் பற்கள் ஆட்டம் கண்டன. டாக்டர் ஒரே நாளில் ஆறைப் பிடுங்கிவிட்டார். பத்து நாள் கஞ்சி, கூழ் என்று ஓடியது. உடம்பு இளைத்துப் போனது. பதினோராம் நாள் காலை எழுந்து வந்தால், சமையலறையில் உப்புத் தண்ணீரில் சூரை ஊறிக்கொண்டிருந்தது. அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என்ன இது?"

"கஞ்சியக் குடிச்சு எத்தனை நாளைக்கு இருப்ப? போய் உக்காரு."

பழைய பாத்திரம், பழைய ஈரத்துணி. அடுப்புக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாத்திரத்தைக் காதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டரைக்குத் தட்டோடு வந்தாள். வெங்காயமும் மிளகும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை நான்கு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்குள் வந்தது. மேசை விளக்கை இழுத்துத் தட்டுக்கு மேலே வைத்துக்கொண்டாள். மீனை உதிர்த்தாள். உதிர்த்ததை மறுபடி உதிர்த்தாள். இழை இழையாக எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். மீன் மாவாகிவிட்டது, அப்போதும் நிறுத்தவில்லை.

"போதும் அண்ணி. இதுல ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கும் இப்படித்தான் நினைச்சேன்," என்றாள். பிறகு ஒரு சின்ன ஸ்பூனில் எடுத்தாள். "நிமிர்ந்து உக்காரு. தாடையைக் கீழ வச்சுக்க." ஸ்பூனை என் வாய்க்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் கண் என் தொண்டையில் இருந்தது. "மெதுவா விழுங்கு. நீயும் போயிட்டா எனக்கு யாரும்மா இருக்காங்க?"

நான் வாயைத் திறந்தேன், ஆனால் சாப்பிடுவதற்காக இல்லை.

"மீனில்ல அண்ணி. தண்ணி."

அவளுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். நீங்க சமையக்கட்டுக்குப் போனீங்க. டம்ளர் என் கையில இருந்துச்சு. அண்ணன் பாத்தான். பொடி போடாம குடுத்தேன். அப்புறம்தான் இருமினான். நீங்க கேட்டப்ப டம்ளரை மறைச்சுக்கிட்டேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பொடி கலக்குகிற நேரம்தான் ஆகியிருக்கும்.

அண்ணி ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். அப்புறம் சமையல் விஷயம் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"எவ்வளவு தண்ணி?"

"அரை டம்ளர்."

"மீன் இறங்கின பிறகா?"

"ஏழு வாயும் இறங்கின பிறகு."

"நல்லா இறங்கிச்சா?"

"நல்லா இறங்கிச்சு அண்ணி. நீங்கதான் பாத்தீங்களே. லீவுன்னு சொல்ல வந்தானே."

அவள் தன் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, யாருடையதோ மாதிரி பார்த்தாள். என்னைத் திட்டுவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கை அணைத்துப் பழைய இடத்தில் வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

மறுநாள் அவள் கான்டீனில் தொட்டிப் பக்கம் போகவில்லை. அடுப்பின் முன்னால் நின்றாள். அந்த வாரம் சூரை வந்த அன்று வரிசையில் யாரோ, "லீவா பஞ்சக்கா?" என்று கத்தியது என் ஜன்னல் வரை கேட்டது. அவள் என்னவோ பதில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பழைய குரல்தான். நான் ஸ்பானர்களை அடுக்கிவைத்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் போய் அழுதேன்.

என்னோடு மட்டும் அவள் பேசுவதில்லை. அன்று கேட்ட அந்த மூன்று கேள்விதான் கடைசி. காற்று வருகிற அறையை நானே காலி செய்து கொடுத்தேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வந்து படுக்கவும் இல்லை. அந்த அறை சும்மா கிடக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிறோம், இரண்டு பேரும் கிழவியாகிக்கொண்டிருக்கிறோம்.

சாப்பாடு மட்டும் தவறாமல் வைக்கிறாள். மீன் நாளில் நான் வேலை முடிந்து வரும்போது மேசையில் என் தட்டு மூடி இருக்கும். மூடியைத் திறந்தால் ஆவி வரும். நாருக்குக் குறுக்கே வெட்டி, குமிழி வராமல் வேகவைத்து, ஒரு மணி நேரம் ஆறப்போட்ட மீன். நாக்கில் வைத்தாலே உதிர்கிறது. பக்கத்தில் தண்ணீர் வைப்பதில்லை. நானே எழுந்து போய் எடுத்துக்கொள்கிறேன்.